முதல் பாதி

படம் இங்கே வியாழன் ராத்திரியே வந்துவிடும்.
ஊருக்கு வெள்ளிக்கிழமைதான்.
ரூவியில் இருப்பதால் என்ன லாபம் என்றால்
இதைத் தவிர சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

டிக்கெட் மூன்று ரியால்.
இருநூற்றுச் சொச்சத்தால் பெருக்காதே என்பான் சுலைமான்.
பெருக்கிக்கொண்டேதான் படியேறுவேன்.

இந்த வருஷம் பதினோரு படம்.
கருத்து கேட்டால் சொல்வேன்,
கேட்காவிட்டாலும்.

தாடிக்காரன் நாற்பது பேரை வெட்டிய படம்:
சத்தம் அதிகம், சங்கதி குறைவு.
எங்கள் பேக்கரியில் பீட்ஸாவுக்குத் தடவும் சாஸ்
அந்த ரத்தத்தைவிடக் கெட்டி.

பேய்ப்படம்:
பேய் வந்ததற்குக் காரணம் இருந்தது.
மற்றவர்கள் எதற்கு வந்தார்கள் என்று தெரியவில்லை.

இரண்டு வக்கீல்கள் காதலித்த படம்:
கதாநாயகி நன்றாக அழுகிறாள், மை கலையாமல்.
மழையில் ஒரே குடைக்குள் நெருங்கினார்கள்,
கத்தரி விழுந்தது,
அடுத்த நொடி கோர்ட்டில் நிற்கிறார்கள், நனையாமல்.
பக்கத்து சீட் பலூச்சிக்காரர் என்னைப் பார்த்தார்,
வெட்டியது நான்தான் என்பதுபோல.
கீழே ஓடும் அரபியைப் படித்து
எனக்கு முன்னால் அவர் சிரித்துவிடுகிறார்.
என் மொழியின் ஜோக்குக்கு
நான் இரண்டாவது ஆள்.

அப்புறம் அந்தத் துபாய்ப் படம்.
இறங்கினான், கூலிங் கிளாஸ் மாட்டினான், ஆடினான்.
ஜூலை மாசம் என்று எழுத்துப் போட்டார்கள்.
வேர்க்கவே இல்லை அவனுக்கு.
பத்தாக்கா எங்கே என்று ஒருவரும் நிறுத்தவில்லை.
ஐந்துக்கு ஒன்று கொடுத்தேன்,
அதுவும் ஒட்டகத்துக்காக.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
இவையெல்லாம் முதல் பாதிகளைப் பற்றிய கருத்து.
தினமும் மூன்றரைக்கு மாவு பிசைய எழுகிறவன் நான்.
வெளியே நாற்பத்தைந்து, உள்ளே பத்தொன்பது.
இடைவேளை முடிந்து விளக்கு அணையும்போது
ஏசி பிடரியைத் தடவும். அவ்வளவுதான்.
பதினொன்றில் கொலைகாரன் யாரென்று
எனக்குத் தெரிந்தது இரண்டே படத்தில்.

வெள்ளி விடியலில் மாவு உப்பும் நேரம்
செண்பகத்துக்கு வாய்ஸ் அனுப்புவேன்,
சீன் சீனாக, தூங்கிய இடம் வரை.
'பாக்கலாமா?' என்பாள்.
'போ, தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ.'
படத்துக்கென்று மாசம் தனியாகப் பணம் போகும்.

சனிக்கிழமை மீதியை அவள் சொல்வாள்.
தாடிக்காரன் நாற்பத்தொன்றாவது ஆளுக்கு
தண்ணீர் மொண்டு கொடுத்தானாம்.
வக்கீல் பெண் அந்தக் கேஸில்
வேண்டுமென்றே தோற்றாளாம்.
துபாய்க்காரன் ஒற்றைப் பெட்டியோடு
கோவில்பட்டி மாதிரி ஒரு ஸ்டேஷனில் இறங்கி
ஆட்டோவுக்குச் சில்லறையில்லாமல் நின்றானாம்.
டைரக்டர் கெட்டிக்காரன் என்றேன்.
ஐந்துக்கு நாலாக உயர்த்தினேன்.

போன மாசம் ரூமில் சுலைமான் மொபைலில்
அந்த வக்கீல் படம் ஓடியது.
அவள் ஜெயிக்கிறாள். கல்யாணம். பாட்டு.
துபாய்ப் படத்தைத் தேடிப் பிடித்து
கடைசி இருபது நிமிஷம் பார்த்தேன்.
ஹெலிகாப்டர். திரும்பவே இல்லை அவன்.

நான் கேட்கவில்லை.
அந்த வாரம் வீடியோவில்
சின்னவள் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தாள்.
கையை எடு பாப்பா என்றேன்.
பல்லில் புதுக் கம்பி.
'தவணையிலதான் போட்டோம்' என்றாள் செண்பகம்,
கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி.

நேற்று பன்னிரண்டாவது படம்.
இடைவேளையில் இரண்டு சுலைமானி குடித்து
கண்ணைப் பிடித்துவைத்து
எழுத்து ஓடும் வரை பார்த்தேன்.
சுமார்தான். முடிவு படுமோசம்.
பலூச்சிக்காரர்கூடக் கொட்டாவி விட்டார்.

விடிகாலை, கையில் மாவோடு அனுப்பினேன்:
'முதல் பாதி நல்லாருக்கு.
அப்புறம் தூங்கிட்டேன் செண்பகம்,
பாத்துட்டு நீ சொல்லு.'

முதல் தட்டு ரொட்டி வெளியே வரும்போது பதில் வந்தது.
'நீங்க தூங்குறப்ப
அந்தப் பொண்ணு எங்க நின்னுட்டிருந்தா?'